ஜோகூர், பகாங் ஆறுகளில் தூண்டில்: சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஆறுகளுக்கு, படகு வைத்துக்கொண்டு 1 முதல் 3 நாள் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கான பக்கம் இது. கடல் தூண்டிலும் கேலோங்கும் (கடலில் கட்டிய மீன்பிடி மேடை) இதில் இல்லை.

எந்த மாதம் லீவு போடலாம்?

லீவை முதலில் போட்டுவிட்டு ஆற்றைப் பிறகு தேடுவதுதான் பாதிப் பயணங்கள் கெட்டுப்போகக் காரணம். தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. எண்டாவ், ரொம்பின் ஆறுகள் கரை புரளும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவையும் அந்தக் காலத்தில் மூடிவிடுவார்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போகலாம் என்ற கணக்கு அங்கேயே அடிபடுகிறது.

மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். ஏப்ரல், மே, அக்டோபரில் காலை நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் இடிமழை பிடிக்கும். அந்த மாதங்களில் விடிந்ததும் கிளம்பி 2 மணிக்குள் கரையேறுவது மாதிரித் திட்டமிடுங்கள். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை புரட்டாசி. குழுவில் பாதிப் பேர் சைவம் என்றால் பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விடுவதற்கென்றே ஒரு பயணம் வைத்துக்கொள்ளலாம். பனிக்கட்டிப் பெட்டி தூக்கும் வேலை மிச்சம்.

தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று இங்கிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் தங்கும் இடத்து வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. ஆற்றைக் கலக்குவது மேல்வரத்தில், அதாவது ஆறு இறங்கி வரும் மேல்பகுதியில், பெய்யும் மழை. கீழே வெயில் காய்ந்தாலும் ஆறு கலங்கியிருக்கும். கிளம்புவதற்கு 3 நாள் முன்பு படகுக்காரருக்கு ‘ஆயர் மச்சாம் மானா?’ என்று கேட்டு, அன்றைக்கு எடுத்த ஒரு படமும் அனுப்பச் சொல்லுங்கள்.

படத்தைப் பார்க்கும்போது கோப்பிக்கடைக் கணக்கு போதும். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறமென்றால் கவலையில்லை. இலைதழை ஊறிய சாயம்தான் அது, தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், மீன் லூரை (செயற்கை இரையை) பார்க்கும். பால் கலந்த தே நிறமென்றால் மண் கரைந்திருக்கிறது; லூர் போடுவது வீண், அடியில் கிடக்கும் கெளுத்தி வகைகளுக்குப் புழு போடுவதுதான் வேலை. மழை நின்றபின் மேல்வரத்து ஓடைகள் ஓரிரு நாளில் தெளியும், கீழே அகன்ற பகுதி தெளிய அதைவிட அதிக நாளாகும். ‘ஆயர் கெருஹ்’ என்று பதில் வந்தால் கலங்கல் என்று அர்த்தம். ‘ஆயர் நாயிக்’ என்றால் தண்ணீர் ஏறுகிறது. இரண்டாவது பதில் வந்தால் பையைக் கட்டாதீர்கள்.

முதல் தடவைக்கு எந்த ஆறு?

ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் கோத்தா திங்கிப் பக்கம் ஜோகூர் ஆறு. ஜோகூர் பாருவிலிருந்து சுமார் 40 கி.மீ. அங்கே தேடிப்போக வேண்டியது ஊடாங் காலா, அதாவது நீலக் கொடுக்கு நீண்டிருக்கும் பெரிய ஆற்று இறால். இங்கே காசு கொடுத்து இறால் குளத்தில் பிடித்துப் பழகியவர்களுக்கு அடுத்த படி அதுதான்.

இரண்டு நாள் இருந்தால் மெர்சிங் தாண்டி எண்டாவ் அல்லது ரொம்பின். முகத்துவாரத்தை ஒட்டிக் கொடுவா (அங்கே சியாக்காப் என்பார்கள்), மேலே போகப் போக இறால். மூன்று நாளும் கொஞ்சம் உடல் தெம்பும் இருந்தால் காஹாங் வழியாகக் கம்போங் பெத்தா கிராமம். காஹாங்கிலிருந்து 56 கி.மீ. மண்சாலை, நான்கு சக்கர இயக்க வண்டியை அங்கேயே அமர்த்திக்கொள்ளுங்கள், சிங்கப்பூர்க் காரை அதில் விடாதீர்கள். பெத்தாவில் இருப்பவர்கள் ஜக்கூன் பூர்வகுடி மக்கள். ஆற்றை அவர்களைப் போல் படிக்கத் தெரிந்தவர்கள் வேறு யாருமில்லை. பூங்காவுக்குள் நுழையவும் தூண்டில் போடவும் அனுமதி தேவை, எல்லாப் பகுதியிலும் போட விடமாட்டார்கள். முன்பதிவின்போதே எங்கே போடலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேராக்கிலுள்ள தெமெங்கோரும் திரெங்கானுவிலுள்ள கென்யிரும் ஏரிகள். தோமான் (பெரிய விரால் வகை) வேட்டைக்குப் பேர்போனவை என்றாலும், தூரம் பார்த்தால் அவை தனிப் பயணம். கென்யிருக்குப் போகிறவர்கள் திரெங்கானுவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்துவிட வேண்டாம். ஜோகூர் 2025 ஜனவரியிலிருந்து நம்மைப் போல் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது.

சோதனைச் சாவடியில் என்னென்ன தடுக்கும்?

கடப்பிதழ் இன்னும் 6 மாதம் செல்ல வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்பத் தேவையில்லை. நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருந்து, மலேசியா அல்லாத வேறு நாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள், போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் அதை நிரப்ப வேண்டும். குழுவில் எப்போதும் ஒருவர் இதை மறப்பார். அவருக்காக மற்ற நாலு பேரும் காரில் காத்திருப்பார்கள்.

காருக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை முதல் அது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது பெட்ரோல் முக்கால் தொட்டிக்குக் குறையக்கூடாது, அது நம் பக்கத்துச் சட்டம். அந்தப் பக்கம் பெட்ரோல் போட்டால் ரோன் 97 வகையைப் போடுங்கள். 95 உள்ளூர்க்காரர்களுக்கான மானிய எண்ணெய். சாலைக் கட்டணத்துக்கு டச் அன் கோ அட்டையில் பணம் ஏற்றிவையுங்கள். நீண்ட வாரயிறுதியென்றால் விடிகாலை 4 மணிக்குள் பாலத்தைத் தாண்டிவிடுவது நல்லது. 7 மணிக்குக் கிளம்பினால் காலை மீனைக் காருக்குள் உட்கார்ந்துகொண்டே இழப்பீர்கள்.

படகுக்காரரிடம் என்ன பேசி முடிக்க வேண்டும்?

ஒரு படகில் தூண்டில் போடுபவர் 2 பேர், ஓட்டுபவர் ஒருவர். மூன்றாவது ஆளை ஏற்றினால் வீசும்போது முள் யாராவது காதில்தான் நிற்கும். வாடகை நாளுக்கா மணிக்கா, பெட்ரோல் சேர்ந்ததா, உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புவது, தண்ணீர் கெட்டால் முன்பணம் அடுத்த தேதிக்குச் செல்லுமா: இவ்வளவையும் செய்தியில் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் பெட்ரோல் கணக்கில்தான் மனக்கசப்பு வரும்.

பணம் ரொக்கமாக, சின்ன ரிங்கிட் நோட்டுகளாக இருக்கட்டும். ஆற்றோரக் கம்போங்கில் ஏடிஎம் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் படகு கரையில் நிற்கும், அதைச் சாப்பாட்டு நேரமாக்கிக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் நாள் முழுக்க வெயிலில் வைத்து அவரை வாட்டாமல் அரைநாள் பயணமாகப் பேசுங்கள். வயதில் மூத்தவரென்றால் பாக்சிக் (மாமா), இல்லாவிட்டால் அபாங் (அண்ணன்) என்று கூப்பிடுங்கள். ‘ஹலோ’ என்று கூப்பிடுவதைவிட இந்த ஒரு சொல்லுக்கு நல்ல மடுக்கள் திறக்கும்.

எந்த மீனுக்கு என்ன சாமான்?

செபாராவ் ஓடும் நீர் மீன். பாறை இடுக்கு, விழுந்த மரம், வேகநீரும் நிலைநீரும் சேரும் கோடு ஆகிய இடங்களில் பதுங்கி நிற்கும். 6 முதல் 7 அடி ராட் (தூண்டில் கோல்), 2500 அல்லது 3000 அளவு ரீல் (நூல் சுற்றும் உருளை), 20 பவுண்டு பின்னல் நூல், முனையில் ஒரு மீட்டருக்கு 30 பவுண்டு ஃபுளோரோகார்பன் நூல். 10 முதல் 14 கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) போதும். நின்று நிதானமாக இழுத்தால் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். வேகமாகச் சுற்றுங்கள், ஓடும் இரையைத்தான் அது அடிக்கும்.

தோமான் விரால் குடும்பத்தின் பெரியண்ணன். தேங்கிய நீரில் இருக்கும். காற்றைக் குடிக்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன் என்பதால், குமிழி தெரிந்த இடத்துக்குச் சற்று அப்பால் ரப்பர்த் தவளையை வீசி அந்த வழியாக இழுக்கலாம். பல் கூர்மை, முனை நூல் 50 பவுண்டுக்குக் குறைந்தால் அறுத்துவிடும். சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளித்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும், பிடிப்பது சுலபம். அதனாலேயே பிடிக்கக்கூடாது: பெற்றோர் போன சில நிமிடத்தில் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தைக் காலி செய்துவிடும்.

கெலா மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள். மெதுவாக வளரும் மீன், எண்ணிக்கையும் அருகிவிட்டது.

ஆற்று இறாலுக்கு மட்டும் ஏன் எல்லோரும் அமாவாசைக் கணக்குப் பார்க்கிறார்கள்?

கோத்தா திங்கி வரை கடல் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிது. ஓட்டம் வேகமாகி அடிச்சேறு கிளம்பும், ஈயம் ஓரிடத்தில் நிற்காது. அஷ்டமியும் அதற்கடுத்த இரண்டு நாளும் ஓட்டம் தளர்ந்திருக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் கிழிக்கும் முன் ஒரு பார்வை பார்த்தால் போதும். அந்த நாள்களிலும் ஏற்றமும் வற்றமும் மாறும்போது நீர் தயங்கி நிற்கும் ஒரு மணி நேரம்தான் முக்கியம். எந்நேரம் மாறும் என்று படகுக்காரரைக் கேட்டு அதற்கு அரைமணி முன்பே இரை தண்ணீரில் இருக்கட்டும்.

6 முதல் 8 பவுண்டு நூல், சின்ன முள், அடியில் அசையாமல் நிற்கும் அளவு ஈயம், அதற்கு மேல் ஒரு சாண் தள்ளி முள். புழுவை முள் நீளத்துக்கு மட்டும் கோத்து வாலைக் கிள்ளிவிடுங்கள். தொங்கும் வாலைத்தான் இறால் கொடுக்கால் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், முள் வாய்க்கு வராது. இறால் கவ்வியதும் வெட்டி இழுக்காதீர்கள். முதலில் கொடுக்கில் பிடித்துக்கொண்டு தன் இடத்துக்கு நகரும், பிறகுதான் வாயில் வைக்கும். நூல் மெல்ல ஒரு பக்கம் சாயும். பத்து பதினைந்து எண்ணி, ராட் முனையை நிதானமாக உயர்த்தி, ஒரே சீராகச் சுற்றுங்கள்.

வயிற்றில் முட்டை ஒட்டிய பெண் இறாலைத் திரும்ப விடுங்கள். அதன் குஞ்சு உப்புக் கலந்த நீரில்தான் பிழைக்கும். அதற்காகவே முட்டையோடு கீழே இறங்கி வருகிறது.

மீன் கடித்ததும் நூல் அறுந்துவிடுகிறது. நூலைத் தடிப்பாக்கட்டுமா?

பெரும்பாலும் நூல் குற்றமில்லை, ரீலின் டிராக் குற்றம் (மீன் பலமாக இழுக்கும்போது நூலை வழுக்கவிடும் பிடிதான் டிராக்). கடையில் நின்று விரலால் இழுத்துப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று முடிவு செய்வதால் வருவது. பெட்டி எடை பார்க்கும் சின்ன மின்தராசு ஒன்று வீட்டில் இருக்குமே, அதை எடுங்கள். நூல் நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டி ஒருவர் பிடிக்க, நீங்கள் ராட்டை 45 பாகையில் சாய்த்து நில்லுங்கள். அவர் பின்னால் நடக்க நடக்க நூல் வழுக்கத் தொடங்கும் அந்த நொடியில் தராசு என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நூலின் தாங்குதிறனில் நாலில் ஒரு பங்கு போதும். 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ, டிராக் 3.4 கிலோவில் வழுக்கட்டும். மரக்கட்டைக்குள் ஓடும் தோமானுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த குற்றவாளி முடிச்சு. இறுக்கும் முன் எச்சிலாலோ ஆற்று நீராலோ நனைக்காவிட்டால் உராய்வுச் சூட்டில் முனை நூல் பலமிழந்துவிடும். முடிச்சைப் போட்டபின் கையில் துணி சுற்றி ஒரு முறை பலமாக இழுத்துப் பாருங்கள். அறுவதென்றால் வீட்டிலேயே அறட்டும்.

கிளம்பும் முன் இங்கே எங்கே வீசிப் பழகலாம்?

லோவர் சிலேத்தார், கிராஞ்சி போன்ற நீர்த்தேக்கங்களில் அனுமதித்த பகுதிகளில் மட்டும், செயற்கை இரையோடு மட்டும். உயிருள்ள இரை போட்டால் அபராதம். 20 மீட்டர் தள்ளி மிதக்கும் ஓர் இலையைக் குறிவைத்து, பக்கவாட்டில் தாழ வீசிப் பழகுங்கள். ஆற்றில் மேலே கிளைகள் கவிந்திருப்பதால் தலைக்கு மேல் வீச இடமிருக்காது.

‘கெப்பாலா ஆயர்’ என்று எச்சரிக்கிறார்களே, அது என்ன?

மேலே மலையில் கொட்டிய மழை ஒரே சுவராகத் திரண்டு கீழே இறங்குவது. நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் நீலமாகக்கூட இருக்கும். முதலில் தண்ணீரில் காய்ந்த இலையும் சுள்ளியும் நுரையும் கூடும். தே ஓ நிறம் கண் முன்னே பாலாக மாறும். மேல்பக்கத்திலிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தூண்டிலைப் போட்டது போட்டபடி விட்டுக் கரை மேட்டுக்கு ஏறுங்கள். எதிர்க்கரைக்குக் கடந்து போய் நண்பர்களோடு சேர நினைக்காதீர்கள், இருக்கிற கரையிலேயே ஏறுங்கள்.

கூடாரம் போடுமுன் சுற்றியுள்ள மரக்கிளைகளை நிமிர்ந்து பாருங்கள். கிளையில் வைக்கோல் மாதிரிக் காய்ந்த குப்பை சிக்கியிருந்தால் போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. அதற்கும் மேலேதான் படுக்கை. அழகான மணல்திட்டில் கூடாரம் போட ஆசை வரும். அந்த மணலைக் கொண்டுவந்து கொட்டியதே வெள்ளம்தான்.

முதலை?

ஜோகூர் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் மற்ற முகத்துவாரங்களிலும் உப்புநீர் முதலை உண்டு. கையைத் தண்ணீரில் அலசாதீர்கள், மீனை நீரோரத்தில் வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள், குளிக்க இறங்காதீர்கள்.

உடுப்பு, மருந்து?

முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் படகில் ஆகாது. கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிக் காலை இழுக்கும். கம்போங் கடைகளில் விற்கும் கறுப்பு ரப்பர்க் காலணிதான் தோது. ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாகச் சொல்வார்கள், ஆனால் காட்டு வழிகாட்டிகளே அதைத்தான் போடுகிறார்கள். அட்டைக்கு நீளக் காலுறை. அட்டை ஒட்டினால் பிய்க்காமல் நகத்தை அதன் வாய்க்கடியில் நுழைத்து வழித்துவிடுங்கள். உயிர்காப்பு அங்கியை உட்காரும் மெத்தையாக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

பாவுங் கெளுத்தியின் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் முதலில் பாருங்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ‘காட்டாற்றுக்குப் போய் வந்தேன்’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல், டெங்கி, குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் மலேரியா ஆகியவற்றைத் தேடிப் பார்க்க அவருக்கு அந்த ஒரு வரி வேண்டும்.

தூண்டில் முள் கையில் ஏறிவிட்டால்?

கிளம்பும் முன்பே எல்லா முள்ளின் எதிர்க்கூரையும் குறட்டால் நசுக்கிவிட்டால் வந்த வழியே உருவிவிடலாம். நசுக்காத முள் கைவிரலிலோ முன்கையிலோ ஆழமில்லாமல் ஏறியிருந்தால்: முதலில் முள்ளை லூரிலிருந்து வெட்டிப் பிரியுங்கள். தடித்த நூலை முள்ளின் வளைவில் கொடுத்து இரு முனையையும் இன்னொருவர் கையில் சுற்றிக்கொள்ளட்டும். குத்துப்பட்டவர் முள்ளின் கண் இருக்கும் தண்டைத் தோலோடு அழுத்திப் படுக்கவைக்க வேண்டும். எதிர்க்கூர் சதையை விட்டு விலகுவது இந்த அழுத்தத்தில்தான். அப்படியே அழுத்தியிருக்க, மற்றவர் தோலுக்கு இணையாக வெடுக்கென்று ஒரே இழுப்பு. பாதி மனதாக இழுத்தால் இன்னும் கிழிக்கும். முள் பறந்து வரும் திசையில் யாரும் நிற்க வேண்டாம். கண், முகம், கழுத்து, மூட்டு என்றால் தொடாமல் கட்டுப்போட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று வீட்டிலேயே பார்த்துவையுங்கள்.

பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

சொந்தச் சாப்பாட்டுக்கு ஒருவருக்கு 5 கிலோ வரை, மீனும் இறாலும் சேர்த்து. உயிரோடு வேண்டாம். பிடித்ததும் செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, மீன் எடைக்குச் சமமாகப் பனிக்கட்டி போடுங்கள். உருகிய தண்ணீரை இரண்டு மணிக்கொரு முறை வடிக்காவிட்டால் சதை ஊறிச் சவசவத்துப் போகும், குழம்பில் போட்டால் கரைந்துவிடும்.

முதல் நாள் இரவு படகுக்காரர் ‘வர வேண்டாம்’ என்கிறார். போய்ப் பார்த்தால் என்ன?

பெட்ரோலும் நாளும் போகும், அவ்வளவுதான் நடக்கும். வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்கிறார் என்றால் ஆற்றை அவர் பார்த்துவிட்டார். முன்பணத்தை மாற்றுத் தேதிக்குத் தள்ளுங்கள். லீவை ரத்து செய்ய முடியாவிட்டால் இங்கேயே இறால் குளத்துக்குப் போங்கள், அல்லது ரீலைப் பிரித்து உப்பும் மண்ணும் கழுவி எண்ணெய் விடுங்கள். போன தடவை செய்யாமல் வைத்த வேலையாகத்தான் இருக்கும்.